நான்கு நிமிட அவசரம், நாள் முழுக்க டீசல் செலவு

விடியற்காலை நான்கு மணி. கிள்ளான், காப்பார் வழியாக வந்து கோல சிலாங்கூருக்குச் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில், ஜெராம் பட்டணத்துக் கடைகள் இன்னும் கண் விழிக்கவில்லை. ஆனால் பிக்-அப் வண்டிகள் புறப்பட்டுவிட்டன. ஒன்றில் மீன் பெட்டிகள். இன்னொன்றில் வாழைத்தாரும் கீரைக்கட்டும். மற்றொன்றில் செம்பனைத் தோட்டத்துக் குத்தகை வேலைக்கான புல்வெட்டும் இயந்திரங்களும் மருந்துத் தோம்புகளும். அசாம் ஜாவாவைத் தாண்டி லாத்தார் நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் டெம்ப்ளர் பூங்கா வரை நேர் சாலை. அதற்கப்பால் செலாயாங் மொத்த வியாபாரச் சந்தை.

இந்தப் பயணத்தில் வண்டிக்காரரின் கண் சாலையில் இருக்கும். மனம் மட்டும் எண்ணெய் முள்ளின் மேல் இருக்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. 2024 ஜூன் 10ஆம் தேதி, தீபகற்ப மலேசியாவில் டீசலுக்கான பொதுவான உதவித்தொகை நீக்கப்பட்டது. அதற்கு முதல் நாள் வரை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னாக இருந்த விலை ஒரே இரவில் 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியது. லிட்டருக்கு 1 ரிங்கிட் 20 சென் கூடுதல். அதாவது ஐம்பத்தைந்து விழுக்காட்டுக்கு மேற்பட்ட உயர்வு. அதன் பிறகு விலை சந்தைக்கேற்ப ஏறுவதும் இறங்குவதுமாக மாறியது.

சரக்கு லோரிகள் பலவற்றுக்குத் தனி அட்டையின் வழி பழைய விலையில் டீசல் வழங்க அப்போது ஏற்பாடு செய்யப்பட்டது. தகுதி பெற்ற தனிநபர்களுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் 'புடி மடானி' திட்டத்தின் கீழ் மாதம் 200 ரிங்கிட் அறிவிக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. வண்டி குடிக்கும் எண்ணெயைக் குறைக்க வழி உண்டா?

உண்டு. ஆனால் அந்த வழி, பலரும் தேடிப் போகும் இடத்தில் இல்லை.

எங்கே தேடுகிறோம்?

வாகனச் செலவு பற்றிய பேச்சு வந்தாலே பட்டறைகளில் இப்படி ஓர் உரையாடல் காதில் விழும்.

“அண்ணே, வண்டி ரொம்ப எண்ணெய் குடிக்குது. ஏர் பில்டர மாத்திப் பார்க்கலாமா?”

“மாத்தலாம் தம்பி. ஆனா, நீ ஹைவேயில எவ்வளவு வேகத்துல போற, அத முதல்ல சொல்லு.”

“எல்லாரையும் மாதிரிதான். நூத்திப் பத்து, நூத்தி இருபது.”

“அப்ப பில்டர் பாவம்பா. அத விட்டுடு.”

பட்டறைக்காரரின் இந்தப் பதிலில் பாதி விஷயம் அடங்கிவிட்டது. இன்ஜினுக்குள் ஏதோ குறை இருக்கிறது, ஒரு பாகத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது மனித இயல்பு. நெடுஞ்சாலையில் எண்ணெயைத் தின்பது பெரும்பாலும் இன்ஜினின் குறை அல்ல. அது காற்று.

கண்ணுக்குத் தெரியாத சுவர்

மழைநாளில் குடை பிடித்துக்கொண்டு எதிர்க்காற்றில் நடந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மெல்ல நடந்தால் குடை கையில் அடங்கி இருக்கும். ஓட ஆரம்பித்தால் குடை பின்னால் இழுக்கும். வண்டிக்கும் இதே கதைதான்.

வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பும் இரு மடங்காகும் என்று நினைப்போம். அப்படியல்ல. அது நான்கு மடங்காகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப ஏறுகிறது என்பது பள்ளிக்கூட இயற்பியல் பாடம். மணிக்கு 90 கிலோமீட்டரில் செல்லும் வண்டி 110க்குத் தாவும்போது வேகம் ஏறுவது 22 விழுக்காடு மட்டுமே. காற்றின் எதிர்ப்போ ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. 80லிருந்து 110 என்றால் கிட்டத்தட்ட 1.9 மடங்கு.

பிக்-அப் வண்டியின் வடிவமும் இதற்குத் துணை போகிறது. காரின் கூரை பின்பக்கம் மெல்லச் சரிந்து இறங்கும். காற்றும் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். பிக்-அப்பின் முன்னறை உயரமாக எழும்பி, பின்னால் திடீரென்று சுவர்போல் இறங்கிவிடுகிறது. தரையிலிருந்து உயரமும் அதிகம். டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், மிட்சுபிஷி டிரைட்டன் போன்ற வண்டிகளானாலும் சரி, 2002இல் நம் நாட்டில் வெளிவந்த சிறிய புரோட்டோன் அரினாவானாலும் சரி, அமைப்பு ஒன்றுதான். ஆகவே வேகத்திற்கான அபராதத்தைக் காரைவிட பிக்-அப் அதிகமாகவே கட்டுகிறது.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 74 வாகனங்களைச் சோதித்து, அதன் முடிவை 2013இல் வெளியிட்டது. மணிக்கு 80 கி.மீ. அளவிலிருந்து 97 கி.மீ. அளவுக்கு வேகம் கூடியபோது, ஒரு லிட்டரில் ஓடும் தூரம் சராசரியாக 12 விழுக்காடு குறைந்தது. அங்கிருந்து 113 கி.மீ. அளவுக்குக் கூடியபோது மேலும் 14 விழுக்காடு குறைந்தது. எந்த உதிரிப் பாகத்தை மாற்றினாலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைப்பது அரிது.

உலக நாடுகள் இதை அறியாமல் இல்லை. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டபோது, அமெரிக்கா மறு ஆண்டே நாடு முழுவதும் வேக வரம்பை மணிக்கு 55 மைலாகக் குறைத்தது. நம் கணக்கில் அது ஏறக்குறைய 89 கிலோமீட்டர். அந்தச் சட்டத்தின் முதல் நோக்கம் எண்ணெய்ச் சிக்கனமே.

நான்கு நிமிடத்தின் விலை

“மெதுவாகப் போனால் சந்தைக்கு நேரத்தோடு சேர முடியுமா?” இது நியாயமான கேள்வி. மீனும் கீரையும் காத்திருக்காது. பொழுது விடிந்தால் விலை இறங்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2011இல் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலையின் நீளம் ஏறக்குறைய 33 கிலோமீட்டர். இந்த 33 கிலோமீட்டரையும் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 18 நிமிடம் ஆகும். 90 கிலோமீட்டரில் ஓட்டினால் 22 நிமிடம். வித்தியாசம் நான்கே நிமிடம்.

இந்த நான்கு நிமிடத்தை மிச்சப்படுத்தத்தான் ஒன்றரை மடங்கு காற்றோடு வண்டி போராடுகிறது. அப்படி மிச்சப்படுத்திய நேரமும் டோல் சாவடி வரிசையிலோ, செலாயாங் சமிக்ஞை விளக்கிலோ கரைந்துவிடுகிறது. நான்கு நிமிடம் முன்னதாக வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு ஒரு சென்கூடச் செலவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரமும் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பவே கூடுகிறது. 90ல் நிற்கும் வண்டி 110ல் நிற்க ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும். பின்னால் சுமை ஏற்றிய பிக்-அப், விடியற்காலை இருட்டு, மழை ஈரம். எண்ணெயை மிச்சப்படுத்தும் வேகமே உயிரையும் காக்கும் வேகம்.

நம் நாட்டில் விரைவுச் சாலைகளுக்கான உச்ச வேக வரம்பு பொதுவாக 110, கூட்டரசுச் சாலைகளுக்கு 90. சில பகுதிகளில் அறிவிப்புப் பலகை இதைவிடக் குறைவாகச் சொல்லும். சரக்கு லோரிகளுக்கு வரம்பு வேறு. 110 என்பது உச்ச வரம்பு மட்டுமே. அதைத் தொட்டே ஆகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், இடதுபக்கத் தடத்தில் சீராகச் செல்வது முக்கியம். மெதுவாகச் செல்கிறேன் என்று வலப்பக்கத் தடத்தை அடைத்துக்கொண்டு போவது சிக்கனம் ஆகாது, ஆபத்துதான்.

வேகம் எவ்வளவு என்பதோடு, அது எவ்வளவு சீராக இருக்கிறது என்பதும் சேர்ந்ததுதான் கணக்கு. முன்வண்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டு போய், பிரேக் போட்டு, மறுபடியும் மிதித்து ஏறும் ஓட்டம் எண்ணெயை வாரி இறைக்கிறது. இப்படிப்பட்ட முரட்டு ஓட்டம் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 விழுக்காடு வரை எண்ணெயை வீணாக்கும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும், ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய வேகத்தைச் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம்.

பின்கதவைத் திறந்து போடலாமா?

பிக்-அப் வைத்திருப்பவர்களிடையே நீண்ட காலமாக ஒரு நம்பிக்கை உண்டு. பின்பகுதி காலியாக இருக்கும்போது பின்கதவை இறக்கிவிட்டு ஓட்டினால், காற்று தடையின்றி வெளியேறும், எண்ணெய் மிச்சமாகும் என்பார்கள். சிலர் கதவைக் கழற்றிவிட்டு வலை கட்டுவதும் உண்டு. கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றும். மூடியிருக்கும் கதவு பாராசூட்போல் காற்றைப் பிடித்து நிறுத்தாதா?

நிறுத்தாது. முன்னறைக்கு மேலாக வரும் காற்று நேராகப் பின்கதவில் வந்து மோதுவதில்லை. பின்கதவு மூடியிருக்கும்போது, பின்பகுதிக்குள் ஒரு காற்றுச் சுழல் உருண்டுகொண்டே இருக்கிறது. மேலே வரும் காற்று அந்தச் சுழலின்மேல், மெத்தையின்மேல் வழுக்குவதுபோல் வழுக்கிச் சென்றுவிடுகிறது. கதவைத் திறந்துவிட்டால் அந்தச் சுழல் கலைந்துவிடும். காற்று உள்ளே புரண்டு வண்டியைப் பின்னுக்கு இழுக்கும்.

கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தைச் சேர்ந்த கெவின் கூப்பர், காற்றுச் சுரங்கச் சோதனைகளின் அடிப்படையில் 2004இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இதையே சொன்னது. பின்கதவை மூடியே வைத்திருங்கள் என்பது அதன் தலைப்பிலேயே இருந்தது. 'மித்பஸ்டர்ஸ்' என்ற புகழ்பெற்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒரே மாதிரியான இரண்டு பிக்-அப் வண்டிகளில் எண்ணெயை நிரப்பி, ஒன்றின் பின்கதவை மூடியும் மற்றொன்றின் பின்கதவைத் திறந்தும் ஓட்டினார்கள். மூடிய வண்டியே அதிக தூரம் ஓடியது.

பின்பகுதிமேல் தட்டையாக இறுக்கமாகப் பொருந்தும் மூடி போட்டால் காற்றின் எதிர்ப்பு இன்னும் கொஞ்சம் குறையும். ஆனால் தளர்வாகக் கட்டிப் படபடவென்று அடிக்கும் கென்வாஸ் அந்த வேலையைச் செய்யாது. கூரைமேல் பொருத்திய கம்பித் தாங்கி, சந்தைக் கடைக்கான இரும்புக் கால்கள், உயரமாக நிற்கும் கம்பிக்கூடு ஆகியவை சுமை இல்லாதபோதும் காற்றைத் தடுத்துக்கொண்டே இருக்கும். கார் கூரைமேல் வைக்கும் பெரிய பெட்டி ஒன்று விரைவுச் சாலை வேகத்தில் 10 முதல் 25 விழுக்காடு வரை எண்ணெய்ச் செலவைக் கூட்டக்கூடும் என்று அதே எரிசக்தித் துறை கணக்கிட்டிருக்கிறது. வேலை முடிந்ததும் கழற்றி வைக்கக்கூடியதைக் கழற்றி வைப்பதே நல்லது. வண்டியின் அமைப்பையே மாற்றும் வேலை என்றால் சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிகளை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

தோட்டத்துச் சாலையும் டயர்களும்

ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துப் பிக்-அப் வண்டிகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. காலையில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை. மாலையில் நெடுஞ்சாலை. இரண்டுக்கும் ஒரே டயர்.

சேற்றில் பிடிமானம் வேண்டும் என்று ஆழமான வெட்டுகள் உள்ள தடித்த டயரைப் பலர் போடுகிறார்கள். தோட்டத்துக்குள் அது தேவைதான். தார்ச்சாலையிலோ அது உருளுவதற்கு அதிக பலம் வேண்டும். அதன் இரைச்சலே அதற்குச் சாட்சி. வாரத்தில் ஒரு நாள் தோட்டத்துக்குள் போய், ஆறு நாள் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இந்த டயர் தேவையா என்று யோசிக்க வேண்டும்.

அடுத்தது காற்று. மண்பாதையில் வண்டி குலுங்காமல் போக டயரில் காற்றைக் குறைப்பார்கள். அப்படியே நெடுஞ்சாலைக்கும் வந்துவிடுவார்கள். நான்கு டயர்களிலும் ஒரு பிஎஸ்ஐ காற்று குறைந்தால் எண்ணெய்ச் சிக்கனம் 0.2 விழுக்காடு குறைகிறது என்பது ஒரு பொதுக் கணக்கு. எட்டு பிஎஸ்ஐ குறைந்தால் 1.6 விழுக்காடு. எண்ணெய்க் கணக்கில் இது சிறியதுதான். ஆனால் காற்று குறைந்த டயர், சுமையோடும் வேகத்தோடும் ஓடும்போது சூடேறி வெடிக்கும் அபாயம் உண்டு. அந்தச் செலவை லிட்டரில் அளக்க முடியாது.

ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில், சுமை இல்லாதபோது எவ்வளவு, சுமையோடு எவ்வளவு என்று காற்றின் அளவு குறிக்கப்பட்டிருக்கும். எண்ணெய் நிலையங்களில் உள்ள கருவி பெரும்பாலும் கிலோபாஸ்கலில் காட்டும். 30 பிஎஸ்ஐ என்பது ஏறக்குறைய 207 கிலோபாஸ்கல். டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது காலையில் கிளம்பியவுடன் அருகிலுள்ள நிலையத்தில் பார்ப்பதே சரி. காற்றுக்குக் காசு இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் போதும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அழகுக்காகப் பெரிய டயர் போட்ட பிறகு, “வண்டி முன்போல் ஓடவில்லை, எண்ணெய் அதிகம் குடிக்கிறது” என்று சிலர் குறைபடுவார்கள். பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது. டயர் ஐந்து விழுக்காடு பெரிதானால், உண்மையில் 105 கிலோமீட்டர் ஓடிய வண்டி 100 என்றுதான் காட்டும். வேகமானியும் அதேபோல் குறைத்துக் காட்டும். 105ல் ஓடிக்கொண்டே 100ல் போவதாக நினைப்போம். எண்ணெய்ச் செலவில் ஒரு பகுதி கூடியிருப்பது உண்மை. இன்னொரு பகுதி கணக்குக் கோளாறு.

இறக்கி வைக்க மறந்த சுமை

பின்பகுதியைப் பாருங்கள். பழைய பேட்டரி, உடைந்த ஜாக்கி, இரும்புக் குழாய்த் துண்டுகள், பாதி நிரம்பிய தண்ணீர்த் தோம்பு. என்றோ ஏற்றியது, இன்னும் இறக்கப்படவில்லை. ஒவ்வொரு 45 கிலோ கூடுதல் சுமையும் எண்ணெய்ச் சிக்கனத்தை ஏறக்குறைய ஒரு விழுக்காடு குறைக்கும். வண்டி சிறியதாக இருந்தால் பாதிப்பு அதிகம். 20 லிட்டர் தண்ணீர் 20 கிலோ. வாடகை கொடுக்காத பயணியைப்போல் இந்தச் சுமை நாள்தோறும் நம் செலவில் செலாயாங் போய் வருகிறது.

நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிடுவதும் அப்படித்தான். சாமான் ஏற்றும்போது, சந்தையில் காத்திருக்கும்போது, ஏர்கோனுக்காக இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். இன்ஜினின் அளவையும் ஏர்கோனையும் பொறுத்து மணிக்கு ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை செலவாகும். நாளுக்கு அரை மணி நேரம் என்று வைத்தாலும், மாதத்தில் 25 நாளுக்குக் குறைந்தது 12 லிட்டர். இந்தப் 12 லிட்டரில் வண்டி ஒரு மீட்டர்கூட நகரவில்லை.

அடிக்கடி எழும் ஐயங்கள்

*இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு உருட்டினால் மிச்சமா?*

இல்லை. இன்றைய எரிபொருள் பீய்ச்சும் இன்ஜின்களில், கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் எண்ணெய் விநியோகமே நின்றுவிடும். சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க எண்ணெய் செலவாகும். வண்டியின் கட்டுப்பாடும் குறையும். டோல் சாவடி தூரத்தில் தெரியும்போதே மிதியிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே உருளவிடுவதே சிக்கனம்.

*ஏர்கோனை அணைத்துவிட்டுக் கண்ணாடியைத் திறக்கலாமா?*

ஊருக்குள் மெதுவாகப் போகும்போது திறக்கலாம். நெடுஞ்சாலையில் திறந்த கண்ணாடி காற்றை உள்ளே வாங்கி எதிர்ப்பைக் கூட்டும். அங்கே கண்ணாடியை மூடி ஏர்கோனை அளவாக வைப்பதே நல்லது. வியர்த்து வழிந்துகொண்டு, களைப்போடு ஓட்டுவதால் எந்த லாபமும் இல்லை.

*ஏர் பில்டரை மாற்றினால்?*

பழைய கார்புரேட்டர் இன்ஜின்களில் அடைபட்ட பில்டரை மாற்றினால் 2 முதல் 6 விழுக்காடு வரை பலன் இருக்கும். புதிய வகை இன்ஜின்களில் கணினி காற்றின் அளவுக்கேற்ப எரிபொருளைச் சரிசெய்துகொள்கிறது. அதனால் எண்ணெய்ச் சிக்கனத்தில் பெரிய மாற்றம் இல்லை என்று ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009இல் கண்டறிந்தது. ஆனாலும் தோட்டத்துப் புழுதியில் ஓடும் வண்டிக்குப் பில்டரை உரிய காலத்தில் மாற்றியே ஆகவேண்டும். அது இன்ஜினின் ஆயுளுக்காகவும் இழுவைக்காகவும் செய்வது.

*டேங்கில் போடும் மாத்திரை, குழாயில் கட்டும் காந்தம்?*

எண்ணெயை மிச்சப்படுத்தும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்திருக்கிறது. குறிப்பிடத்தக்க பலன் தரும் ஒன்றைக்கூட அது கண்டதில்லை. பசார் மாலாமில் மாத்திரை வாங்கும் காசுக்கு நாலு லிட்டர் டீசலே போட்டுக்கொள்ளலாம்.

*டீசலில் பாமாயில் கலப்பதால்தான் வண்டி அதிகம் குடிக்கிறதா?*

இது கோல சிலாங்கூர் வட்டாரத்துக்கே உரிய கேள்வி. நம் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இந்த மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. அன்று பயிரான அதே செம்பனையின் எண்ணெய் இன்று டீசலிலும் கலந்து வருகிறது. பத்து விழுக்காடு கலப்பு 2019இல் போக்குவரத்துத் துறைக்குக் கட்டாயமாக்கப்பட்டது. பயோடீசலின் ஆற்றல் சாதாரண டீசலைவிட லிட்டருக்கு ஏறக்குறைய 8 விழுக்காடு குறைவு. பத்தில் ஒரு பங்கு மட்டுமே கலப்பதால் மொத்தத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசமே வரும். தோட்டத்துப் பழத்தின் மீது பழியைப் போட வேண்டியதில்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

இவ்வளவும் செய்தபின் பலன் கிடைத்ததா என்பதை எப்படி அறிவது? “ஐம்பது ரிங்கிட்டுக்குப் போட்டேன், மூன்று நாள் ஓடியது” என்பது கணக்காகாது. விலை மாறும், ஓட்டமும் மாறும்.

எளிய வழி இதுதான். டேங்கை முழுதாக நிரப்புங்கள். மீட்டர் எண்ணை எழுதுங்கள். ஓட்டுங்கள். அடுத்த முறையும் அதே நிலையத்தில் முழுதாக நிரப்புங்கள். எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பாருங்கள். 450 கிலோமீட்டருக்கு 45 லிட்டர் என்றால் லிட்டருக்கு 10 கிலோமீட்டர். ஒரே ஒரு முறை பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. நான்கைந்து முறை எழுதிய பிறகுதான் உண்மை தெரியும்.

இந்த நோட்டுப் புத்தகம் பட்டறைக்கும் உதவும். ஓட்டும் முறை மாறாமலிருக்க, லிட்டருக்கு 11 ஓடிய வண்டி திடீரென்று 9க்கு இறங்கினால் அது உண்மையான கோளாறு. பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கலாம். சக்கர அலைன்மென்ட் விலகியிருக்கலாம். டர்போ குழாயில் கசிவு இருக்கலாம். டீசல் பீய்ச்சும் நாசில் பழுதாகியிருக்கலாம். கரும்புகை வருகிறதா, நீண்ட ஓட்டத்துக்குப் பின் ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சூடாகிறதா என்று கவனித்துச் சொன்னால், பட்டறைக்காரர் இருட்டில் தேட வேண்டியிருக்காது.

குடும்பக் கணக்கு

கடைசியாக, வீட்டு வரவு செலவுக்கு வருவோம். ஜெராமிலிருந்து செலாயாங் போய்வரும் ஒரு சிறு வியாபாரியின் வண்டி, சில்லறைச் சுற்றலையும் சேர்த்து நாளுக்கு 120 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள், 3,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 10 என்றால் 300 லிட்டர். 2024 ஜூன் 10இல் விலை ஏறியபோது, இந்தக் குடும்பத்தின் மாதச் செலவில் 360 ரிங்கிட் ஒரே இரவில் கூடியது. பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் 360 ரிங்கிட் என்ன செய்யும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதே வண்டி, வேகத்தை 90க்குக் குறைத்து, காற்றைச் சரிபார்த்து, வீண் சுமையை இறக்கி, நிற்கும்போது இன்ஜினை அணைத்து, லிட்டருக்கு 11.5 கிலோமீட்டர் ஓடினால் மாதத்துக்கு 261 லிட்டர் போதும். மிச்சம் 39 லிட்டர். 3 ரிங்கிட் 35 சென் விலையில் ஏறக்குறைய 131 ரிங்கிட். ஆண்டுக்கு 1,500 ரிங்கிட்டுக்கு மேல். 2024இல் அறிவிக்கப்பட்ட 200 ரிங்கிட் உதவித்தொகைக்குத் தகுதி பெற்ற குடும்பமாக இருந்தால், இரண்டும் சேர்ந்து 331. விலையேற்றத்தால் விழுந்த பள்ளத்தை ஏறக்குறைய மூடிவிடலாம்.

தகுதி பெறாத குடும்பத்துக்கு இந்த 131 ரிங்கிட்தான் கையில் இருக்கும் ஒரே வழி. அது பள்ளத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே மூடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மிதமாக ஓட்டுவது நியாயமான உதவித் திட்டங்களுக்கு மாற்று ஆகாது. ஆனால் உலகச் சந்தையில் எண்ணெய் என்ன விலைக்குப் போகும் என்பது ஜெராமில் யார் கையிலும் இல்லை. வலது கால் அவரவர் வசம்தான் இருக்கிறது.

நாளை விடியற்காலை அசாம் ஜாவா தாண்டி நெடுஞ்சாலையில் ஏறும்போது, வேகமானியின் முள்ளை 90ல் நிறுத்திப் பாருங்கள். நான்கு நிமிடம் தாமதமாகும். வீட்டில் நான்கு நிமிடம் முன்னதாக எழுந்தால் அதுவும் ஆகாது. மாதக் கடைசியில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும்போது, சிறு துளி பெருவெள்ளம் என்று பெரியவர்கள் சொன்னது டீசலுக்கும் பொருந்தும் என்பது புரியும்.